தூக்கு

சுவரை விட்டு விலகியதாலேயே ஒரு கலைப்பொருள் விடுதலை பெற்றுவிடுகிறது என்ற எண்ணம் நம்மிடையே வெகு சுலபமாக வேரூன்றிவிட்டது. ஓவியம், சிற்பம் பற்றி எழுத நேரும் இலக்கிய நண்பர்கள் இதைக் கிட்டத்தட்ட ஒரு சூத்திரமாகவே ஒப்பிக்கிறார்கள். சட்டகம் சிறை, சுவர் அந்தச் சிறையின் மதில், கூரையிலிருந்து தொங்குவது சுதந்திரம். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கயிற்றில் தொங்கும் ஒரு வஸ்து எந்த அர்த்தத்தில் சுதந்திரமானது? சுவரில் ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டால் சட்டகம் முறியும், கண்ணாடி தெறிக்கும், அவ்வளவுதான். தலைக்கு மேல் இருப்பது அறுந்துகொண்டால் முறிவது சட்டகம் அல்ல. இந்தச் சிறு வித்தியாசத்திலிருந்துதான் விஷயத்தை யோசிக்கத் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. விடுதலை என்ற பெரிய சொல்லிலிருந்து அல்ல.

சுவர் என்ன செய்கிறது? பார்ப்பவனை எதிரில் நிறுத்துகிறது. படத்துக்கு ஒரு முகத்தைத் தந்து அதன் முதுகைப் பிடுங்கிக்கொள்கிறது. இவை பலரும் சொன்னவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: சுவர் படத்தின் எடையை மறைத்துவிடுகிறது. எந்த அருங்காட்சியகத்திலும் ஒரு படத்தின் முன் நின்று, இது எத்தனை கிலோ இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதைத் தூக்கி மாட்டிய கூலியாளுக்குத் தெரியும். பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. சுவரில் ஏறியபின் ஓவியம் கண்ணுக்கு மட்டுமே உரிய ஒரு தோற்றம். கூரையோ, ஐரோப்பிய மரபில், வெகுகாலம் ஒரு பொய் வானமாகவே இருந்தது. பரோக் காலத்து ஓவியர்கள் விதானத்தில் மேகங்களையும், பறக்கும் புனிதர்களையும் நிரப்பியது கூரை என்று ஒன்று இருப்பதையே மறக்கடிக்கத்தான். அங்கிருந்து உண்மையில் தொங்கியது சரவிளக்கு ஒன்றுதான்.

1915ல் மார்ஸெல் டுஷாம்ப் நியூயார்க்கில் ஒரு கடையிலிருந்து பனி அள்ளும் மண்வாரி ஒன்றை வாங்கி வந்து தம் அறையில் கம்பியால் தொங்கவிட்டார். 'ஒடியப்போகும் கைக்கு முன்பாக' என்பது போல் அதற்கு ஒரு தலைப்பு. அசல் எப்போதோ தொலைந்துபோயிற்று. இன்று காணக்கிடைப்பவை பிற்காலத்துப் பிரதிகள். அவருடைய அறையின் அந்நாளைய புகைப்படங்களில் இந்த மண்வாரியோடு ஒரு தொப்பி மாட்டியும், பிரசித்தி பெற்றுவிட்ட அந்தச் சிறுநீர்த் தொட்டியும்கூட அந்தரத்தில் தொங்குகின்றன. சிறுநீர்த் தொட்டியைப் பற்றி எழுதியவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். மண்வாரிதான் எனக்கு அதிகம் வேண்டியது. பாரத்தைத் தூக்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. அதையே தூக்கி வைத்துவிட்டால் பாரம் யாருக்கு? தலைப்பு பதில் சொல்கிறது: இன்னும் ஒடியாத, ஆனால் ஒடியப்போகிற ஒரு கைக்கு. சுவரில் மாட்டியிருந்தால் இது ஒரு கடைச் சாமான். தொங்கும்போது அது யார் மேலோ குறி வைத்துக் காத்திருக்கிறது.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அவர் அந்த மண்வாரிக்கு ஏற்ற நிலக்கரியையும் கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் பாரிஸில், போஸார் கலைக்கூடத்தில், ஆந்த்ரே ப்ரெதோனும் பால் எலுவாரும் ஏற்பாடு செய்த சர்வதேச ஸர்ரியலிஸக் கண்காட்சி. நடுக்கூடத்தை அமைக்கும் பொறுப்பு டுஷாம்ப்புக்கு. அவர் கூரை முழுவதும் கரிமூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஆயிரத்து இருநூறு என்பது வழங்கிவரும் கணக்கு. எண்ணிப் பார்த்தவர் இருந்தால் சரி. கீழே ஓர் இரும்புக் கணப்பு, அதனுள் மின்விளக்கு. தரையில் காய்ந்த இலைகள். படங்கள் சுழற்கதவுகளில் மாட்டப்பட்டிருந்தன. விளக்கொளி மான் ரேயின் பொறுப்பு. திறப்புவிழா இரவில் அவர் கூடத்தை இருட்டாக்கி, வந்தவர்கள் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்துவிட்டார். பாரிஸின் கனவான்களும் சீமாட்டிகளும் உயர்ந்த உடைகளில் வந்து, இருட்டில் தடுமாறி, தலைக்கு மேல் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கிறார்கள். மூட்டைகள். மூட்டைகளிலிருந்து கரித்தூசு உதிர்கிறது.

ப்ரையன் ஓடோஹர்டி 1976ல் 'ஆர்ட்ஃபோரம்' இதழில் எழுதிய கட்டுரைகளில், எல்லோரும் சுவருக்காக அடித்துக்கொண்டிருந்தபோது யாரும் உரிமை கொண்டாடாமல் கிடந்த கூரையை டுஷாம்ப் எடுத்துக்கொண்ட சாதுர்யத்தைப் பற்றிப் பேசுகிறார். (இந்த விமர்சகரே, பாட்ரிக் அயர்லாண்ட் என்ற பெயரில், அறைகளுக்குள் கயிறுகளைக் கட்டிச் சித்திரங்கள் செய்தவர். கயிற்றைத் தொட்டறிந்த கை எழுதிய விமர்சனம் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது.) அவர் சொல்வது சரிதான். ஆனால் இடத்தைக் கைப்பற்றுவது என்ற ராஜதந்திரக் கோணத்தில் மட்டும் இதைப் பார்த்தால் மூட்டைகளை விட்டுவிடுகிறோம். அந்தக் கூடத்தில் வேறெதைத் தொங்கவிட்டிருந்தாலும் கூரை கைப்பற்றப்பட்டிருக்கும். காகிதப் பூக்கள் போதும். ஏன் கரிமூட்டை?

இந்தக் கண்காட்சிக்கு முந்திய ஆண்டு, 1937ல், அதே பாரிஸில் உலகப் பொருட்காட்சியின் ஸ்பானியக் கூடத்தில் பிகாஸோவின் 'கெர்னிக்கா' இருந்தது. வானத்திலிருந்து விழுந்ததைப் பற்றிய படம், சுவரில் இருந்தது. பார்த்தவர்கள் எதிரில் நின்று, அதிர்ந்து, வீட்டுக்குப் போனார்கள். டுஷாம்ப் இதற்குப் பதில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பதில் சொல்கிற சுபாவம் கொண்டவர் அல்ல அவர். ஆனால் அந்தக் கூடத்தில் நின்றவனுக்கு, மேலேயிருந்து வருவது ஒரு படத்தின் விஷயமாக இல்லாமல் அவன் பிடரியின் விஷயமாகிவிட்டது. இது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தோன்றுகிறது.

இங்கு ஓர் ஆட்சேபத்தை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். மூட்டைகளில் நிலக்கரி இல்லை. சாக்குகள் அசலானவை, உள்ளே அடைத்திருந்தது செய்தித்தாள்கள். நெருப்புக்குப் பயந்து இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் முதலில் மறுத்தன, பிறகு ஒப்புக்கொண்டன என்று டுஷாம்ப்பே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆக எடையே இல்லாத மூட்டைகளைக் காட்டி எடையைப் பற்றிப் பேசுவது மோசடி அல்லவா? அல்ல என்று நினைக்கிறேன். சாக்கில் ஒட்டியிருந்த தூசு நிஜம். அண்ணாந்து பார்த்தவன் தன்னையறியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டது நிஜம். எடை தராசில் மட்டும் இருப்பதில்லை. கீழே நிற்பவன் கழுத்திலும் இருக்கிறது. எடையை மறைப்பது ஒன்று, இல்லாத எடையை ஒருவன் தோளில் ஏற்றுவது வேறொன்று. கலை இரண்டாவதைச் செய்யலாம். செய்யாவிட்டால்தான் அது எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பாஷை இதைப் புரிந்து வைத்திருக்கிறது என்பது வேடிக்கை. தூக்கு என்ற ஒரே சொல்லில் மேலே எடுப்பதும், தொங்கவிடுவதும், நிறுத்துப் பார்ப்பதும், கொல்வதும் இருக்கின்றன. தூங்குதல் என்றால் பழைய தமிழில் தொங்குதல், ஊசலாடுதல். சோழன் ஒருவன் அழித்ததாகச் சொல்லப்படும் 'தூங்கெயில்' உறங்கிய கோட்டை அல்ல, அந்தரத்தில் தொங்கிய கோட்டை. தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகள் முப்பத்துநான்கை அடுக்கும்போது தூக்கு, தொடை, நோக்கு என்று வரிசையாக வைக்கிறார். தூக்கு, பாட்டின் ஓசையை நிறுப்பது சம்பந்தப்பட்டது. நோக்கு என்ற உறுப்பைப் பற்றி நம்மவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள், நவீன விமர்சனத்துக்கு அது தோதாக இருக்கிறது என்பதால். தூக்கை யாப்புக்காரர்களுக்கு விட்டுவிட்டோம். தொங்கவிடுவதும் நிறுத்துப் பார்ப்பதும் ஒரே காரியம் என்று சொல்கிற சொல் கையில் இருக்கும்போது, கூரையிலிருந்து தொங்குவதை நாம் 'சுதந்திரம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிலருடைய இடம் மாறுகிறது. 1920-21ல் அலெக்ஸாண்டர் ரோட்செங்கோ ப்ளைவுட் பலகையை ஒரே மையம் கொண்ட வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி, கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். 1921ல் மாஸ்கோவில் ஓப்மோகு குழுவின் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. காட்சி முடிந்ததும் வளையங்களைத் திருப்பி மறுபடி ஒரே தட்டையான பலகையாக்கிவிடலாம். மிஞ்சியிருப்பது நீள்வட்டம் ஒன்றுதான், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். சிக்கனமான, புத்திசாலித்தனமான காரியம். எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் அது எடையைத் தீர்த்துவிட்ட கணக்கு. அந்தப் பலகைக்குக் கீழே யாரும் தோளைக் குறுக்க மாட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அவர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஒற்றை நிறக் கான்வாஸ்களை வைத்து ஓவியத்தை முடித்துவைத்தார். கணக்கு முடிந்தவன் கடையை மூடுவது நியாயம்தானே.

அலெக்ஸாண்டர் கால்டர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மொபைல் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவரும் டுஷாம்ப்தான், 1931ல். ஸார்த்ர் 1946ல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியபின் கால்டரைக் குறை சொல்வது அநாகரிகமாகிவிட்டது. நான் குறை சொல்லவில்லை. ஒரு தகட்டுக்கு எதிராக இன்னொரு தகடு, ஒரு கம்பிக்கு ஈடாக மறு கம்பி. அவர் தராசு செய்தவர், தூக்கு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையவர். 1955ல் ஸாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத்துக்கு வந்து சில மாதிரிகள் செய்தும் போனார். கெடுத்தது அவருக்கு வாய்த்த கூரைகள். 1957ல் நியூயார்க் விமான நிலையத்துக்கென்று பிரம்மாண்டமான ஒரு மொபைல். பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் வைக்கப்பட்ட இன்னொன்றுக்கு, உள்ளூர் நிர்வாகத்தின் நிறங்கள் என்று பச்சையும் பொன்னிறமும் பூசிவிட்டார்கள். பல காலத்துக்குப் பின்தான் பழைய நிறம் திரும்பியது. தராசைக் கொடியாக்கிவிட்டார்கள். இன்று எந்தப் பெரிய ஓட்டலின் முன்கூடத்திலும், எந்த வணிக வளாகத்தின் நடுவெளியிலும் ஏதோ ஒன்று தொங்குகிறது: கண்ணாடித் துளிகள், உலோக மீன்கள், நூற்றுக்கணக்கான காகிதப் பறவைகள். எல்லாவற்றிலும் நூல் கண்ணுக்குத் தெரியாத நைலானாக இருக்கும். இதுதான் அடையாளம். நூலை ஒளிக்கிறவன் எடையை ஒளிக்கிறான். எடையை ஒளித்தபின் தொங்குவது தோரணம். தோரணத்தின்மேல் எனக்குப் பகையில்லை. கல்யாண வீட்டில் அது வேண்டும்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலியைக் காட்டி, ஒரே கல்லில் செய்தது என்று வியக்கிறார்கள். வியக்கலாம். அந்தச் சங்கிலி எதையும் தாங்கவில்லை. கர்ப்பக்கிருகத்துத் தூண்டாமணி விளக்கின் சாதாரணப் பித்தளைச் சங்கிலி எண்ணெயைத் தாங்குகிறது.

1942ல் ஃப்ரெடரிக் கீஸ்லர் பெகி குக்கென்ஹைமுக்காக நியூயார்க்கில் அமைத்த கூடத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விட்டுவிட்டதாக நினைப்பார்கள். சட்டகங்களைக் கழற்றி, படங்களைத் தரைக்கும் கூரைக்கும் இடையே இழுத்துக் கட்டிய பட்டைகளில் நிறுத்தினார். படங்கள் காற்றில் மிதப்பதாகத் தோன்றியது என்பார்கள். மிதக்கத்தான் செய்தன. கீஸ்லரிடம் சுவர் மறைந்ததே தவிர, பார்ப்பவனும் படமும் முன்பு இருந்த இடத்திலேயே எதிரெதிரே இருந்தார்கள்.

ஈவா ஹெஸ்ஸெக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர் அவர்தான்.

1969ல் 'ரைட் ஆஃப்டர்' என்ற ஒன்றைச் செய்தார். கண்ணாடி நார் இழைகளைப் பிசினில் தோய்த்து, கூரையிலிருந்து கொக்கிகளில் மாட்டி விட்டது. ஒவ்வொரு இழையும் தன் எடையால் எவ்வளவு தொய்ய வேண்டுமோ அவ்வளவு தொய்ந்து, அப்படியே இறுகிவிட்டது. வெளிச்சம் பட்டால் பளபளக்கும், சிலந்தி வலை போல. பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. அது அழகாகிவிட்டது, தனக்கு வேண்டிய அவலட்சணத்தை விட்டுப் போய்விட்டது என்ற அதிருப்தி அவருக்கு. ஒரு கலைஞர் தம் வேலை தோரணமாகிவிடும் அபாயத்தை முகர்ந்து பின்வாங்கிய தருணம் இது. எத்தனை பேரால் முடியும்?

அடுத்து 1970ல், தலைப்பிடாத அந்தக் கயிற்று வேலை. மூளைக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை ஆகி, தாமே எல்லாம் செய்ய முடியாத நிலையில், மற்றவர்கள் கை கொடுக்க முடித்தது. கயிறும் சரடும் கம்பியும், ரப்பர்ப் பாலில் முக்கி எடுத்தவை. முடிச்சும் சிக்குமாக, கூரையிலிருந்து பல இடங்களில் மாட்டியிருக்கிறது. சில இடங்களில் தடித்து, சில இடங்களில் ஒற்றை இழையாக மெலிந்து, தரையை நோக்கி வழிந்து, மறுபடி ஏறி. இதில் மையம் இல்லை. முகமும் இல்லை முதுகும் இல்லை. ஆனால் குழப்பமும் இல்லை. ஒவ்வொரு வளைவும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைக் கயிற்றின் எடை முடிவு செய்திருக்கிறது. கை முடிச்சுப் போட்டுவிட்டு விலகிக்கொண்டது. அந்த ஆண்டு மே 29 அன்று அவர் இறந்தபோது வயது முப்பத்துநான்கு.

அவருடைய வாழ்க்கையைக் கொண்டு இதைப் படிப்பவர்கள் உண்டு. ஹாம்பர்க்கில் பிறந்த யூதக் குழந்தை, 1938 இறுதியில் அக்காவோடு ரயிலேற்றி ஹாலந்துக்கு அனுப்பப்பட்டது, பின்பு நியூயார்க். கயிற்றில் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிகிறது. எனக்கு அது வேண்டியதில்லை. கயிற்றைப் பார்த்தாலே போதும். ரப்பர்ப் பால் காலத்தில் நிறம் மாறும். வெளிறியிருந்தது பழுப்பாகி, நெகிழ்ந்திருந்தது விறைத்துப் பொருக்குத் தட்டும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் இதை ஒவ்வொரு முறை எடுத்து மாட்டும்போதும், எந்தக் கண்ணியை எந்தக் கொக்கியில், எவ்வளவு தொய்வில் என்று மாட்டுகிறவர்கள் முடிவு செய்தாக வேண்டும். அந்தத் தொய்வு முன்பு இருந்தது போலவே மறுபடி வராது. சுவர் ஓவியத்துக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஐந்தடி உயரத்தில் ஆணி அடித்தால் ஆயிற்று.

நம் நாட்டில் ம்ருணாளினி முகர்ஜியைத்தான் இந்த வரிசையில் என்னால் வைக்க முடிகிறது. பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றவர், சணல் கயிற்றைச் சாயமேற்றி, கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டு யக்ஷி, தேவி என்றெல்லாம் பெயரிட்ட உருவங்களை உண்டாக்கினார். சில தரையில் நிற்பவை, சில கூரையிலிருந்து இறங்குபவை. முடிச்சின் பாரமே மடிப்பாகி, மடிப்பே உடலாகிறது. 2015ல் அவர் மறைந்தபின், 2019ல் நியூயார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தபோது வெளியுலகம் விழித்துக்கொண்டது. இவற்றைப் பற்றிப் பேசியவர்கள் கைவினையா கலையா என்பதிலேயே நேரத்தைக் கழித்துவிட்டார்கள்.

கார்னீலியா பார்க்கர் என்ற ஆங்கிலேயக் கலைஞர், ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிப் பூச்சுப் பாத்திரங்களை ரோடு ரோலர் விட்டு நசுக்கி, முப்பது வட்டங்களாக, மெல்லிய கம்பிகளில் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டது 1988-89ல். யூதாஸின் முப்பது வெள்ளிக்காசு. அந்தக் குறிப்பு கொஞ்சம் பள்ளிக்கூடத்தனம். ஆனால் தரைக்கு அவ்வளவு அருகில் தொங்கவிட்டது நல்ல யோசனை: விழ வேண்டியது எல்லாம் விழுந்து நசுங்கியாகிவிட்டது, அதன் பிறகு தூக்கியிருக்கிறது.

கவிதை எழுதும் நண்பர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக இறக்கித் தொங்கவிட்ட கவிதைகள் நமக்கு ஏராளம் வருகின்றன. மேலே இருக்கும் சொல்லை எடுத்துவிட்டால் கீழே இருப்பது விழுமா என்று பார்த்தால் பெரும்பாலும் விழுவதில்லை. அது எதிலும் தொங்கவில்லை, காகிதத்தில் ஒட்டியிருக்கிறது. யாப்பின் சுவரை இடித்ததே போதும் என்று இருந்துவிட்டோம்.

மௌரீஸியோ கட்டேலான் 2011 நவம்பரில் நியூயார்க் குக்கென்ஹைமில் தம் வாழ்நாள் வேலைகளை, நூற்று இருபத்தெட்டு வரை, மொத்தமாக நடுவெளியில் கட்டித் தொங்கவிட்டு 'ஆல்' என்று பெயரிட்டார். விண்கல் விழுந்து கிடக்கும் போப், குதிரை, தம்முடைய பொம்மைகள், எல்லாம் ஒரே கொத்தாக. சுற்றி ஏறும் சரிவுப் பாதையில் நடந்தபடி பார்க்கலாம். கயிறுகள் ஒளிக்கப்படவில்லை, அது உண்மை. ஆனால் கசாப்புக் கடையில் எல்லாம் ஒரே கொக்கியில் தொங்குவது போல, எதன் எடையும் எதன் எடையிலிருந்தும் வேறாக இல்லை. பார்த்தவர்கள் அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார்கள்: அதோ போப், அதோ குதிரை. கூரை முழுவதும் கைப்பற்றப்பட்டது. யாரும் தோளைக் குறுக்கவில்லை.

அவரே ஏழு வருஷம் முன்பு வேறு காரியம் செய்திருந்தார். 2004 மே மாதம் மிலான் நகரத்துச் சதுக்கம் ஒன்றில், ஒரு பழைய ஓக் மரத்தின் கிளையில், மூன்று சிறுவர்களின் பொம்மைகளைக் கழுத்தில் கயிறு மாட்டித் தொங்கவிட்டார். கண்கள் திறந்திருந்தன. அங்கே கூரையும் இல்லை, சுவரும் இல்லை, சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களும் இல்லை. ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்கள். கலைச் சுதந்திரம் என்றும் வக்கிரம் என்றும் வழக்கமான இரண்டு கட்சிகள் பிரிந்தன. அது நல்ல கலையா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். அதிர்ச்சியைத் தவிர வேறெதையும் அது தன் கயிற்றில் ஏற்றவில்லை. ஆனால் நகரவாசி ஒருவர் அவற்றை எடையுள்ளவையாகவே எடுத்துக்கொண்டார். பொம்மை என்று அவருக்கும் தெரியும். மரத்தில் ஏறி, இரண்டு கயிறுகளை அறுத்து இரண்டு பிள்ளைகளை இறக்கினார். மூன்றாவதை இறக்கு முன் தாமே கீழே விழுந்து அடிபட்டுக்கொண்டார்.